வீட்டையும் சேர்த்தா, பள்ளிக்கூடத்தை மட்டுமா?

சென்ற ஆண்டு ஆகஸ்டில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய், ரத்தசோகை பற்றி வகுப்பெடுக்க வேண்டும். செங்கல்பட்டைச் சுற்றியுள்ள பள்ளிகளில் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்கிக்கொண்டிருந்த நேரம். தூக்கத்தைக் கலைக்க ஒரு விளையாட்டுபோல ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்துக் கேட்டேன். "இப்போ இருக்குற உன் வாழ்க்கை, மொத்தமா பார்த்தா, உனக்கு எவ்வளவு திருப்தியா இருக்கு? பூஜ்ஜியத்துலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் போடு. பேரு வேணாம்."

மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "வீட்டையும் சேர்த்தா மிஸ், பள்ளிக்கூடத்தை மட்டுமா?"

வகுப்பு சிரித்தது. சன்னலோரம் நின்றிருந்த வகுப்பாசிரியை, "கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுடி" என்றார். அவளும் உட்கார்ந்து ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டாள். தாள்களை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் எட்டு, ஒன்பது. சில பத்துகள், ஒரு பத்தைச் சுற்றிப் பூ வரைந்திருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் திரும்பி வரும்போது அந்த எண்கள் எதுவும் மனதில் நிற்கவில்லை. அவள் கேள்விதான் நின்றது. பள்ளிச் சூழல் நன்றாக இருந்தால் வளரிளம் பிள்ளைகளின் வாழ்க்கைத் திருப்தி கூடும் என்று சொல்கிற அறிக்கைகளை நான் இதற்கு முன்பும் வாசித்ததுண்டு. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைத் திரும்ப எடுத்து வாசித்தேன்.

முதலில் நம் நாட்டு அறிக்கை. 2022 ஜனவரி முதல் மார்ச் வரை, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 3,79,842 மாணவர்களிடம் மனநலம் பற்றிய ஓர் ஆய்வை நடத்தியது. பெயர் எழுதுவது அவரவர் விருப்பம். அந்த ஆண்டு செப்டம்பரில் முடிவுகள் வெளியானபோது, படிப்பு, தேர்வு, மதிப்பெண் ஆகியவைதான் பதற்றத்துக்குக் காரணம் என்று 81 விழுக்காட்டினர் சொன்னதைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு எண்கள். பள்ளி வாழ்க்கையில் திருப்தி என்று சொன்னவர்கள் 73 விழுக்காடு. தம் சொந்த வாழ்க்கையில் திருப்தி என்று சொன்னவர்கள் 51 விழுக்காடு.

வீட்டையும் சேர்த்தா, பள்ளிக்கூடத்தை மட்டுமா என்று மூன்றாம் பெஞ்சுக்காரி கேட்டாளே, அதற்கான இடம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற 22 புள்ளிகள்தான்.

அந்த ஆய்வு நடந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் ஒன்பது முதல் பன்னிரண்டு வகுப்புகளுக்கு 2021 செப்டம்பரிலும், சின்ன வகுப்புகளுக்கு நவம்பரிலும்தான் முறையாகத் திறந்தன. 2022 ஜனவரியில் மறுபடி மூடி, பிப்ரவரியில் திறந்தன. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வீட்டுக்குள் இருந்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி அது. அந்த இரண்டு ஆண்டுகளில் இந்தக் கரையோரப் பெண்பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். தம்பிக்கு ஆன்லைன் வகுப்புக்குக் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தார்கள். அம்மா மீன்கூடையோடு போன பிறகு தாத்தாவுக்குக் கஞ்சி வைத்தார்கள். சிலருக்கு அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. அதைத் தாண்டி வந்தவளிடம் பள்ளிக்கூடம் திருப்தியா என்று கேட்டால் என்ன சொல்வாள்? கதவு திறந்திருக்கிறதே, அதுவே திருப்தி.

இந்த 22 புள்ளிகளும் பெண்பிள்ளைகளுக்கே சொந்தம் என்று சொல்ல வரவில்லை. ஆண்பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். அவர்களுடைய வீடுகளும் எல்லா நாளும் இனிப்பதில்லை. ஆனால் பள்ளி நேரம் முடிந்த பிறகு ஓர் ஆண்பிள்ளைக்கு வீட்டைத் தவிர டீக்கடை, கடற்கரை, கிரிக்கெட் மைதானம், நண்பனின் பைக் எல்லாம் இருக்கின்றன. பெண்ணுக்கு இருப்பது வீடு, பள்ளி, இரண்டுக்கும் இடையே ஒரு பேருந்து. தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் கடல் வாசலிலேயே இருக்கிறது. வயதுக்கு வந்த பிறகு அந்த மணலில் காரணமில்லாமல் போய் உட்கார்ந்த பெண்பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை. உலகம் முழுவதிலிருந்தும் வந்து பார்க்கிற கடற்கரைதான் அது.

நான் கேட்ட கேள்வி என் சொந்தக் கற்பனை அல்ல. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. நடத்துகிற 'பிசா' தேர்வில் 2015 முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கேட்கப்படுகிற கேள்வியைத்தான் என் வாய்மொழியில் கேட்டேன். பூஜ்ஜியத்திலிருந்து பத்து வரை படிகள் உள்ள ஏணி ஒன்றைக் காட்டி நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்பது, ஹேட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் வகுத்த முறை. தமிழ்நாட்டுக்கும் பிசாவுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக 2010இல் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் அதில் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது இரண்டும் பட்டியலின் அடியில் கிடந்தன. அதன் பிறகு 2012, 2015, 2018, 2022 சுற்றுகள் எதிலும் இந்தியா கலந்துகொள்ளவில்லை. ஆக, கணக்கு தெரியுமா, வாசிக்கத் தெரியுமா என்று எங்கள் பிள்ளைகளிடம் கேட்டார்கள்; திருப்தியா என்ற கேள்வி சேர்க்கப்பட்ட காலத்தில் நாம் அங்கே இல்லை.

பிசா 2018இன் முடிவுகளில் ஒரு தொகுதி முழுவதும் பள்ளிச் சூழலைப் பற்றியதுதான். ஓ.இ.சி.டி. நாடுகளில் சராசரியாக 67 விழுக்காட்டுப் பிள்ளைகள் ஏழு முதல் பத்து வரை எண் கொடுத்தார்கள். சக மாணவர்களின் கேலிக்கும் சீண்டலுக்கும் அடிக்கடி ஆளாகிறவர்கள் குறைவாகக் கொடுத்தார்கள். இந்தப் பள்ளியில் எனக்கு இடமிருக்கிறது என்று உணர்கிறவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். இதில் மறுக்க எதுவும் இல்லை. அடுத்த செய்திதான் என்னை நிறுத்தியது: பெரும்பாலான நாடுகளில் பெண்பிள்ளைகள் கொடுத்த எண் ஆண்பிள்ளைகளுடையதைவிடக் குறைவு. அறிக்கையை வாசிக்கிற எவருக்கும் இது கவலைக்குரிய செய்தியாகத்தான் படும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

பிறகு எனக்கு ஒரு பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டான 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் அவர்களுடைய உடல்நலம் பற்றிக் கேட்டார்கள். தமக்கு உடம்பு சரியில்லை அல்லது சுமார் என்று சொன்ன ஆண்கள் 48.5 விழுக்காடு. அப்படிச் சொன்ன கைம்பெண்கள் 2.5 விழுக்காடு. பின்னாளில் அமர்த்திய சென் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி, ஒருவர் தம் நிலையைப் பற்றித் தாமே சொல்வதை மட்டும் நம்பி அவர் வாழ்வை அளக்கக் கூடாது என்று வாதிட்டார். அந்தக் காலத்து வங்கத்துக் கைம்பெண் என்ன சாப்பிட்டிருப்பாள், எத்தனை வேளை சாப்பிட்டிருப்பாள் என்று நமக்குத் தெரியும். 'சுமார்' என்று சொல்வதற்குக்கூட, இதைவிட நன்றாக இருந்திருக்கலாம் என்ற நினைப்பு வேண்டும்.

தமிழில் 'திருப்தி' என்ற சொல்லை எங்கே பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பந்தியில் கேட்போம், திருப்தியா சாப்பிட்டீங்களா என்று. பெண் பார்க்க வந்தவர்கள் சொல்வார்கள், எங்களுக்குத் திருப்தி என்று. மாமியாருக்குத் திருப்தி வந்ததா, மேலதிகாரிக்குத் திருப்தி வந்ததா என்று கவலைப்படுவோம். பெண்ணுக்கு இந்தச் சொல் பெரும்பாலும் அடுத்தவரின் திருப்தியாகவே வருகிறது. அவளுக்கென்று தனியாகச் சொல்லிக்கொடுத்த சொல் 'போதும்'. சட்டியில் மீன் தீர்ந்துபோனால் எனக்குக் குழம்பே போதும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் போடு என்றால், அவள் நல்ல பிள்ளையாக ஒன்பது போடுகிறாள். அதுவும் வகுப்பாசிரியை சன்னலோரம் நிற்கும்போது. அந்தத் தாளில் நான் அளந்தது அவளுடைய வளர்ப்பை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

இந்த இடத்தில்தான் எனக்கும் அந்த அறிக்கைகளுக்கும் உண்மையான கருத்து வேறுபாடு. நல்ல பள்ளிச் சூழல் பிள்ளையின் திருப்தியைக் கூட்டும் என்று அவை சொல்கின்றன. பெண்பிள்ளை விஷயத்தில், நல்ல பள்ளி சில ஆண்டுகளுக்காவது அவளுடைய திருப்தியைக் குறைக்க வேண்டும் என்பது என் கட்சி. வேறு வாழ்க்கைகள் உண்டு என்று அவளுக்குக் காட்ட வேண்டும். அதைக் காட்டிய பிறகு அவள் தன் வீட்டைப் பார்க்கிற பார்வை மாறும், போடுகிற எண் இறங்கும். என்.சி.இ.ஆர்.டி. ஆய்விலும் நடுநிலை வகுப்புகளிலிருந்து உயர்நிலைக்குப் போகப்போகத் திருப்தி குறைகிறது. பொதுத்தேர்வுப் பயம், நண்பர்களின் அழுத்தம், தான் யார் என்ற குழப்பம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாம் சரிதான். விவரம் தெரிய ஆரம்பித்துவிட்டது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். பணக்கார நாட்டுப் பெண்பிள்ளைகள் குறைவாக எண் போடுவதை வாசிக்கும்போது, அவர்கள் துன்பத்தை நான் சின்னதாக்கவில்லை. உடல் தோற்றம் பற்றிய வதை அங்கே எப்படி இருக்கிறது என்று படித்திருக்கிறேன். ஆனாலும் குறைவாகப் போட அவர்களுக்குத் துணிச்சல் இருக்கிறது. நம் கைம்பெண்கள் 2.5, நம் பிள்ளைகள் ஒன்பது. இரண்டும் எனக்கு ஒரே கையெழுத்தாகத் தெரிகின்றன.

சரி, 'பள்ளிச் சூழல்' என்றால் என்ன? ஆய்வாளர்களின் பட்டியலில் பாதுகாப்பு, கற்பித்தல், உறவுகள், கட்டடம், ஒழுங்கு என்று வரும். பிசாவில் வகுப்பு ஒழுங்கைக் கேட்கிற விதம் கவனிக்க வேண்டியது: வகுப்பில் சத்தம் இருக்கிறதா, ஆசிரியர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்கிறார்களா, பாடம் தொடங்க நேரமாகிறதா. அமைதியான வகுப்பு நல்ல வகுப்பு. இதைப் படித்தபோது எனக்கு என் பள்ளி ஞாபகம் வந்தது.

1990களின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் படித்தேன். பெயர் வேண்டாம், இதே கதையைத் தங்கள் பள்ளியின் கதை என்று சொல்லப் பலர் இருப்பீர்கள். இரட்டைச் சடையை மடித்துக் கட்டாவிட்டால் முட்டி போட வேண்டும். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. ஊரில் எங்கள் பள்ளிக்கு நல்ல பெயர். பதினொன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளின் கணக்கு நோட்டில் ஒரு கடிதம் இருந்தது. அவள் எழுதியதல்ல, அவளுக்கு வந்தது. பதில்கூடப் போடவில்லை. இரண்டாம் பீரியடில் நோட்டு டீச்சர் கைக்குப் போனது, மூன்றாம் பீரியடில் அவள் அப்பாவுக்கு ஆள் போனது. வராந்தாவில், எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும், அவள் அப்பா அவளை அடித்தார். ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் "போதும்ப்பா, வீட்ல போய் வச்சிக்க" என்றார். அடுத்த வாரம் அவள் இடம் காலி. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டோம்.

அன்றைக்கு ஓர் ஆய்வாளர் வந்து எங்கள் வகுப்பில் வினாத்தாள் கொடுத்திருந்தால் ஒழுங்குக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். சக மாணவர் சீண்டல் இல்லை. ஆசிரியர் சொன்னதைக் கேட்டோம். அந்தக் கடிதம் இருப்பது எனக்கு முன்பே தெரியும். கிழித்துப் போடுடி என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதன் பிறகு பொதுத்தேர்வு வரை எங்களில் ஒருத்திகூட வகுப்பில் வாய் திறந்து ஒரு சந்தேகம் கேட்டதாக நினைவில்லை. அங்கே வீடும் பள்ளியும் தனித்தனி இல்லை. வீட்டின் நீண்ட கைதான் பள்ளி.

இப்போது முட்டி போடவைப்பது குறைந்திருக்கிறது. 2021இல் ஆசிரியர்கள் சிலர்மீது மாணவிகள் வெளிப்படையாகப் பாலியல் புகார் சொன்ன பிறகு, 1098, 14417 என்ற உதவி எண்களைப் பள்ளிச் சுவர்களில் எழுதினார்கள். 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டிகளும் வந்தன. நல்ல காரியம். போகிற பள்ளிகளில் அந்தப் பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தலைமையாசிரியர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே மாட்டியிருந்த ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதற்குள் என்ன இருந்தது என்று கேட்டேன். பேனா மூடி ஒன்று, சாக்லேட் காகிதம் இரண்டு.

பெண்பிள்ளைகளிடமே சூழல் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் பட்டியல் வேறு மாதிரி வரும். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இல்லை தோழி வெளியே நின்று பிடித்துக்கொள்ள வேண்டுமா. நாப்கினை எங்கே போடுவது. நாலரை மணிப் பேருந்தை விட்டுவிட்டால் அடுத்தது எப்போது. பையனிடம் நோட்டு வாங்கினால் யார் வீட்டுக்குச் சொல்வார்கள். மாதவிடாய் வலியோடு பெஞ்சில் தலைவைத்துப் படுத்தால் என்ன பேச்சு விழும். தாழ்ப்பாள் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்க்கலாம். வருகிற பிள்ளைகளில் சிறுநீர்த் தொற்று இல்லாத வகுப்பை நான் பார்த்ததே இல்லை.

சராசரி எண்களின் இன்னொரு குறை, வகுப்பில் எல்லோருக்கும் ஒரே சூழல் என்று வைத்துக்கொள்வது. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. 2021 அக்டோபரில், தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தன்னை எழுப்பிவிட்டதாக நரிக்குறவப் பெண் அஸ்வினி பேசிய காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. அமைச்சர் சேகர்பாபு அவரோடு அதே கோயிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் ஸ்டாலின் பூஞ்சேரிக்கே வந்து பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். கோயில் பந்தியில் நடந்தது வெளியே தெரிந்தது, கைப்பேசியும் அஸ்வினியின் வாயும் இருந்ததால். பள்ளியின் சாப்பாட்டு வரிசையிலும் கடைசி பெஞ்சிலும் நடப்பது அப்படி வெளியே வருவதில்லை. எண்ணெய் வைக்காத தலை, ஊசிமணி, அப்பா பெயரைக் கேட்டால் வரும் சிரிப்பு. ஓர் இருளர் பிள்ளை என்னிடம் சொன்னாள்: "என்னெ யாரும் திட்ட மாட்டாங்க மிஸ். என்கிட்ட பேசவே மாட்டாங்க." எந்த வினாத்தாளிலும் அது சீண்டல் என்ற கட்டத்துக்குள் வராது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. வெளிநாட்டுச் சூழல் அளவுகோல்கள் எதிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது: யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்ற கேள்வி. பள்ளிச் சூழலைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட ஆவணங்களில் இதைத்தான் மாணவிகள் முதலில் வாசிக்க வேண்டும் என்பேன்.

மைதானம் பற்றியும் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்துச் சிறுமி கமலி மூர்த்தியைப் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' ஆவணக் குறும்படம், 2020இல் பாஃப்டா பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. ஏழு வயதுப் பெண் சறுக்குப்பலகையில் பறப்பதையும், அவளைத் தனியாளாக வளர்க்கும் அம்மா சுகந்தியின் பாட்டையும் காட்டுகிற படம். கமலி இன்று அலைச்சறுக்கு வீராங்கனையாகப் பலருக்கும் தெரிந்தவர். அந்தப் படத்தை மாணவிகளுக்குப் போட்டுக் காட்டுவது எனக்குப் பிடிக்கும். அவர்கள் கமலியைவிட அம்மாவைத்தான் உற்றுப் பார்க்கிறார்கள். ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. இந்தக் கரையில் ஒரு பெண்பிள்ளையின் உடல் மகிழ்ச்சியாக இருப்பதைப் படமெடுக்க வேண்டுமென்றால், பள்ளிக்கு வெளியேதான் கேமரா போக வேண்டியிருக்கிறது. அதே ஆண்டு அதே பிரிவில் பாஃப்டா வென்ற படமும் சறுக்குப்பலகைச் சிறுமிகளைப் பற்றியதுதான், காபூலில் எடுத்தது. அங்கே வகுப்பறையும் சறுக்குக்கூடமும் ஒன்றாகவே இருந்தன. விளையாட வந்தவள் படிக்கவும் கற்றாள். 2021இல் தாலிபான்கள் வந்து பெண்களின் உயர்நிலைப் பள்ளிகளை மூடினார்கள் என்பது தனிச் சோகம். எங்கள் பக்கம் பள்ளிகள் திறந்தே இருக்கின்றன. பி.டி. பீரியடில் மைதானம் பையன்களுக்கு, வேப்பமரத்தடி பெண்களுக்கு. 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, வேட்டி கட்டிய குதிரைச் சின்னம் 'தம்பி' பள்ளிச் சுவர்களில் எல்லாம் நின்றான். "தங்கச்சி எங்க மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். இந்தியப் பெண்கள் அணி அங்கே வெண்கலம் வென்றது. நிறைமாதக் கர்ப்பிணியாக ஹரிகா வந்து ஆடினார். தங்கச்சி அங்கேதான் இருந்தாள், சுவரில்தான் இல்லை.

இவ்வளவு குறைகளுக்கும் பிறகு பள்ளிக்கு 73 விழுக்காடு எப்படி வருகிறது? தோழிகளால். வேப்பமரத்தடியால். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவளால். பன்னிரண்டாம் வகுப்பின் கடைசித் தேர்வன்று பெண்கள் பள்ளி வாசலில் நின்று பாருங்கள், சாவு வீட்டைப்போல அழுவார்கள். சினிமா பார்த்து அழுகிறார்கள் என்று ஆசிரியர்கள் கிண்டல் செய்வார்கள். பலருக்குச் சொந்தக் கைப்பேசி கிடையாது. அவர்கள் அழுவது கணக்குத் தெரிந்துதான்: பேசவும் சிரிக்கவும் ஆளிருந்த ஒரே இடம் அன்றோடு பூட்டப்படுகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த திட்டத்தை மாற்றிக் கொண்டுவந்தது அது. இந்த மாற்றத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அந்தப் பணம் கையில் வந்த பிறகு வீட்டில் தன் பேச்சு எடுபடுகிறது என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆயிரம் கைக்கு வர, முதலில் வீடு அவளைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாம் பெஞ்சுக்காரியை இந்த மார்ச்சில் திருக்கழுக்குன்றம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். தேர்வு எழுதிவிட்டு வந்துகொண்டிருந்தாள். அவளாகவே வந்து பேசினாள். "அன்னிக்கு நான் எட்டு போட்டேன் மிஸ். இப்போ கேட்டா நாலுதான் போடுவேன்."

ஏன் என்று கேட்டேன். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். 1957லிருந்து அந்த ஊரில் இருக்கிற அரசுக் கல்லூரி. அவள் அப்பா சிற்பப் பட்டறையில் கல் மெருகேற்றுகிறவர். பத்தாம் வகுப்பில் ஓவிய ஆசிரியை ஒருவர் அவளை அங்கே கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். பெண்கள் உளியோடு நிற்பதை அங்கேதான் முதன்முதலில் பார்த்தாளாம். வீட்டில் சொன்னதற்கு அம்மா, "உளி புடிச்ச கைய எவன்டி புடிப்பான்?" என்று கேட்டிருக்கிறார். அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். மூன்று நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் பேசுவதில்லை.

"அப்பா கையெழுத்து இல்லாம சேர முடியுமா மிஸ்? எனக்கு ஜூன்ல பதினெட்டு முடியுது."

எனக்கு உடனே பதில் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளிடம் கைப்பேசி இல்லை. ஓவிய ஆசிரியையின் எண்ணை என் கையில் எழுதினாள். அதற்குள் கல்பாக்கம் பேருந்து வந்துவிட்டது.